கேள்வி கேட்டுத்தான் பூட்டு திறப்போம்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. தெருமுனைச் சாவிக்கடைக்கு நகல் சாவி போடப் போனேன். என் வீட்டுச் சாவிக்கு ஏற்கெனவே ஐந்து நகல் உண்டு. வீட்டில் இருப்பதோ நான் ஒருத்தி. சாவியக்கா ஆறாவதை அராவிக்கொண்டிருக்க, அவள் கொழுந்தன் லேப்டாப்பைத் திறந்துவைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். காதுக்கு என்ன, கதவா இருக்கிறது?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மனித மனம் ஒரு பூட்டு. அதன் சாவியோ..."

[அடித்துவிட்டேன். மனித மனத்தைத் திறக்க யாரும் போன் போடுவதில்லை.]

அடுத்து: "நகரின் தலைசிறந்த பூட்டு நிபுணர்..."

[இது கொழுந்தன் இணையதளத்துக்கு எழுதியது. இந்த ஊரில் தலைசிறக்காத பூட்டுக்காரரே கிடையாதாம்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். கடைக்கு இணையதளம் இருந்தும் போன் வரவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் சாவியக்கா கடையை மூடிவிட்டு, இணையத் தேடலில் முதலாவதாக வந்து நிற்கும் பெரிய கடைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

3

"அண்ணி, சைட்டோட தலைப்பே 'முகப்பு'ன்னு இருக்கு. முகப்புன்னு எவனாவது தேடுவானா? படத்துக்கெல்லாம் பேரு வெறும் நம்பரு. எதுல என்ன இருக்குன்னு தேடிக் குடுக்கிற மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"பூட்டுப் படத்துக்குப் பூட்டுன்னு பேர் வை. நானா வேணாங்கிறேன்?"

"தலைப்பையும் மாத்தணும். ஜனங்க எதை டைப் பண்றாங்களோ அதையே வைக்கணும். 'கேள்வி கேட்காமல் பூட்டு திறப்போம்.' பெரிய கடைக்காரன் அதைத்தான் வச்சிருக்கான்."

அராவுகிற சத்தம் நின்றது.

"நான் கேட்பேனே, தம்பி."

"நேர்ல கேட்டுக்கோங்க. சைட்டுல மட்டும் கேட்க மாட்டோம்னு இருக்கட்டும்."

"அவரு சொல்றதும் சரிதானேக்கா" என்று மூக்கை நுழைத்தேன்.

"உன் சாவி ரெடி. கிளம்பு."

நான் கிளம்பவில்லை.

4

கொழுந்தனை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சம்பளம் வாங்காமல் வேலை செய்பவன். அண்ணி இன்னொருவன் கடையில் கைகட்டி நிற்கக் கூடாதே என்று தவிப்பவன். தேடுகிறவர் தட்டும் சொல் தலைப்பிலும் இருந்தால்தான் மேலே வர வழியுண்டு. அவன் தொழில் தெரிந்துதான் பேசுகிறான்.

ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். (எப்படி என்று கேட்காதீர்கள்.) போன வருடம் ஒருவன் வந்து, "என் வீடுதான், சாவி தொலைஞ்சிடுச்சு" என்றான். சாவியக்கா எதுவும் கேட்காமல் போய்த் திறந்துவிட்டாள். வீட்டுக்குள் இருந்த பெண், அவனை உள்ளே விடக் கூடாதென்றே முந்தின வாரம்தான் அந்தப் பூட்டை மாற்றியிருந்தாள். கதவு திறந்ததும் அவன்...

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். யார் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்பதுவரை கொட்டுகிற வாய்தான் இது. இதைக் கொட்டாது. கதைக்கு உச்சக்கட்டம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.]

அன்றிலிருந்து அவள் கேட்கிறாள்: "உள்ள யார் இருக்காங்க? போன் போட்டுக் குடுங்க, நான் பேசணும்." பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

5

"எழுதிக்கோ தம்பி. தலைப்பு: 'கேள்வி கேட்டுத்தான் பூட்டு திறப்போம்.' அதுக்குக் கீழ: 'உள்ளே இருப்பவர் சரி என்று சொல்லாமல் கதவைத் தொட மாட்டோம்.'"

"இப்படி யாருமே தேட மாட்டாங்க, அண்ணி."

"தேடுற ஒருத்தர் வரட்டும். அவங்களுக்குத்தான் கடை."

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிவிட்டான். இப்போது அந்தக் கடை தேடலின் நான்காம் பக்கத்தில் கிடக்கிறது.

முடிவு ஒன்று: போன் விடாமல் அடிக்கிறது, நியாயம் ஜெயிக்கிறது. [பொய். நான்காம் பக்கம் வரை யார் போகிறார்கள்?]

முடிவு இரண்டு: சாவியக்கா பெரிய கடையின் சீருடையில், யாரோ ஒருவன் காட்டிய கதவின் முன்னால், வாயைத் திறக்காமல்... [முடியாது. எழுத மாட்டேன்.]

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. முடிவு என் கையில் இல்லை. என்றாவது ஒருநாள் உங்கள் கதவுக்கு வெளியே ஒருவன் நின்று, போனில் பூட்டுக்காரரைத் தேடுவான். நீங்கள் உள்ளே இருப்பீர்கள். அப்போது அவன் திரையில் எந்தக் கடை முதலில் வர வேண்டும்? எனக்குப் பதில் எழுத வேண்டாம். இப்போதே போய், சாவியக்கா வைத்த தலைப்பைத் தட்டித் தேடுங்கள்.