சுட்டது போல

கல்யாணமான மறுநாள் காலையில் சோலுவான் தேநீர் ஊற்றியதைப் பார்த்து என் மாமியார் வாயடைத்துப் போனார். மாமியார் வாயடைத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூடிக் கிண்ணத்தில் தேயிலை போட்டுக் கொதிநீரை விளிம்பு வரை நிரப்பிவிட்டால் தூக்குவது லேசான காரியமில்லை. கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பைப் பிடிக்க வேண்டும், ஆள்காட்டி விரல் மூடியை அழுத்த வேண்டும். அப்படியே கவிழ்த்து, மூன்று சின்னக் கோப்பைகளின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றி, கடைசிச் சொட்டைக்கூட மூன்றுக்கும் பங்கிட வேண்டும். அதற்குள் விரல் வெந்துவிடும். மாமியார் வேண்டுமென்றே தளும்பத் தளும்ப நீர் விட்டிருந்தார். புது மருமகளை அப்படித்தான் சோதிப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னையும் சோதித்தார். இரண்டாவது சுற்றிலேயே நான் கிண்ணத்தைப் போட்டு மூடியை உடைத்தேன்.

சோலுவான் முகம் சுளிக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. கடைசிச் சொட்டு விழும் வரை கிண்ணத்தைப் பிடித்திருந்து, மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

"பாத்துக்கோ, இது கை," என்றார் மாமியார் என்னிடம். "உனக்கும் ரெண்டு இருக்கே, பன்னிக்குத் தீவனம் கலக்க."

சோலுவானின் கணவன் ஹாங்சோங், என் கொழுந்தன், ஆற்றங்கரையில் படகு பழுது பார்ப்பவன். அவன் காது வரை சிவந்துபோய்ச் சிரித்தான். அவனுக்கு அவளைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். என் கணவர் நகரத்துப் பீங்கான் ஆலையில் வேலை செய்தார், மாதம் ஒரு முறைதான் வருவார். அதனால் வீட்டில் நாங்கள் மூன்று பெண்களும் ஹாங்சோங்கும் என் எட்டு மாதக் கைக்குழந்தையும்தான். அறுபத்து நாலாம் வருஷம், சீனப் புத்தாண்டு முடிந்த மாதம்.

மூன்றாம் மாதம், முன்னோர் கல்லறைகளுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்த அன்று, நானும் அவளும் சமையலறையில் இருந்தோம். என் குழந்தை அவள் முதுகில் துணிக்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சோற்றுப்பானையின் இரும்பு மூடியை வெறுங்கையால் எடுத்துக் கீழே வைத்தாள். நடுவிரலில் ஒரு கொப்புளம் உடைந்து, தோல் தொங்கி, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"சோலுவான், உன் விரலைப் பாரு."

யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எப்பப் பட்டுச்சுன்னு தெரியலையே அக்கா."

என் அம்மா வீட்டு ஊரில் ஒரு ஆள் இப்படித்தான் இருந்தான். அடுப்புக் கங்கைக் கையில் எடுத்துப் புகை பற்றவைப்பான். நாங்கள் வேடிக்கை பார்ப்போம். பிறகு அவன் புருவம் உதிர்ந்தது. பிறகு அவனை ஊருக்கு வெளியே தள்ளி ஒரு குடிசையில் வைத்தார்கள். குடிசை எப்படித் தீப்பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

நான் அவள் முதுகிலிருந்து குழந்தையை அவிழ்த்தேன்.

"அவன் தூங்குறானே, ஏன் அக்கா எழுப்புறீங்க?" என்று கேட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. தானே சட்டைக் கையை மேலே இழுத்தாள். முழங்கைக்கு மேல் வெளிறிய ஒரு வட்டம். கொண்டை ஊசியால் அதில் குத்தினேன். அவள் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை.

"குத்தியாச்சா?" என்றாள்.

நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இரக்கப்பட்டுத்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் அது உண்மை. தொழுநோய் வந்த வீடு என்று பெயர் வந்தால் என் கணவரை ஆலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். என் குழந்தையை எவரும் தூக்க மாட்டார்கள். அவளைச் சட்டப்படி விவாகரத்துச் செய்து மலைக்கு அந்தப்புறம் நோயாளிகள் ஊரில் விட்டுவிடலாம். எங்களை எங்கே விடுவது?

"குழந்தையைத் தொடாதே," என்றேன். "மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அவருக்கு?"

"அவனுக்கும் தெரிய வேண்டாம்."

அவளைக் காட்டிக்கொடுக்கப் போவது தேநீர்தான் என்று எனக்குப் பயம். எங்கள் ஊரில் வாசலில் ஆள் நிழல் விழுந்தாலே பழைய இலையைக் கொட்டிப் புது இலை போட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கிண்ணத்தைத் தூக்கியாக வேண்டும். "உன் சின்ன மருமகளுக்குக் கை இரும்பா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கேலியாகத்தான் கேட்டார்கள். கேலி எத்தனை நாளுக்குக் கேலியாகவே இருக்கும்?

அதனால் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு அவளுக்குச் சுட்டது போல நடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

"ரெண்டாவது சுத்து முடியும்போது 'ஸ்ஸ்'னு சொல்லு. கிண்ணத்தை வச்சுட்டு, சுட்ட விரலால காது மடலைப் பிடிச்சுக்கோ."

"ஸ்ஸ்."

"பாம்பு மாதிரி இருக்குடி. கொஞ்சம் மெதுவா."

"நீங்க செஞ்சு காட்டுங்க அக்கா."

கிண்ணத்தில் கொதிநீரை ஊற்றித் தூக்கினேன். நிஜமாகவே சுட்டது. வாயில் வந்த வார்த்தையைக் கேட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதையே சொல்லட்டுமா? அத்தை முன்னாடி?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவளுடையது எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமியாருக்கு ஏமாற்றம். "இங்க வந்து சோறு தின்னதும் கை மெத்துன்னு ஆயிடுச்சு போல," என்றார். ஹாங்சோங்குக்கோ ஒரே சந்தோஷம். அவள் 'ஸ்ஸ்' என்றதும் எழுந்து வந்து விரல்களைப் பிடித்து ஊதுவான், அம்மா பார்க்கிறாள் என்றுகூடப் பார்க்க மாட்டான். "வேணும்னேதான் சுட்டுக்கறா," என்பான்.

"அவர் ஊதுற காத்துகூடத் தெரியலக்கா," என்று ஒரு நாள் துணி அலசும்போது சொன்னாள். "முகத்தைப் பாத்துத்தான் ஊதி முடிச்சுட்டார்னு தெரிஞ்சுக்கறேன்."

கோடை போனது, அறுவடை வந்தது. ஏழு மாதம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பத்தாம் மாதத்தில் மாவட்டத்திலிருந்து மருத்துவக் குழு வந்து வீடு வீடாகப் பார்த்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் லியாவ் என்ற பெண் டாக்டர். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், சோலுவானின் நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டுப் பையை மூடினார். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"டீ குடிக்காமப் போனா எங்க வீட்டுக்குக் கெட்ட பேரு," என்று மாமியார் வாசலை மறித்தார்.

"இன்னும் ஒன்பது வீடு இருக்கும்மா. நேரமில்லை."

"இதோ, ஒரு நிமிஷம்."

மூன்று நாளாக மழை. கரி நமத்துப்போய்ப் புகைந்துகொண்டிருந்தது. டாக்டர் போய்விடுவாரோ என்ற அவசரத்தில் மாமியார் நீர் கொதிக்கும் முன்பே கெண்டியை இறக்கி, புது இலையின் மேல் தாமே ஊற்றி, மூடியைப் போட்டார். கெண்டி மூக்கில் ஆவியே இல்லை. நான் பார்த்தேன். சோலுவான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை.

"நான் ஊத்தறேன்," என்று கையை நீட்டினேன்.

"நீ ஊத்துவே, மூடி யாரு வாங்கித் தருவா?" என்றார் மாமியார். "சோலுவான், நீ வா."

அவள் வந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். நான் இருமினேன். அவள் நிமிரவில்லை. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று.

"ஸ்ஸ்," என்றாள். கிண்ணத்தை வைத்துவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப அழகாகச் செய்தாள்.

டாக்டர் கோப்பையை எடுத்து வாயில் வைத்தார். எடுத்தார். கிண்ணத்தை உள்ளங்கையால் முழுசாகப் பொத்திப் பிடித்தார். அப்படியே பிடித்துக்கொண்டு சோலுவானைப் பார்த்தார்.

மாமியாருக்கு வெட்கமாகிவிட்டது. "தண்ணி கொதிக்கலையா? ஐயோ, மன்னிச்சுக்குங்க. எங்க மருமகளுக்கு இப்பல்லாம் பச்சைத் தண்ணியே சுடுது, அவ்வளவு செல்லம் குடுத்து வச்சிருக்கான் இவ புருஷன்."

சிரித்தது அவர் மட்டும்தான்.

"கையை இப்படிக் கொடும்மா," என்றார் டாக்டர். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலும் மோதிர விரலும் கொஞ்சம் மடங்கத் தொடங்கியிருந்தன. நிமிர்த்தச் சொன்னார். நிமிரவில்லை. "கண்ணை மூடிக்கோ. நான் தொடும்போது சொல்லு." பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். சோலுவான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர் எல்லா விரலையும் முடித்துவிட்ட பிறகும் காத்திருந்தாள்.

"வீட்ல வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது," என்றாள் சோலுவான், கண்ணைத் திறக்காமலே.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "மருந்து இருக்கும்மா. மாத்திரைதான். சாப்பிட ஆரம்பிச்சா மத்தவங்களுக்கு ஒட்டற பயமும் குறைஞ்சுடும். ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இந்த விரல் மடங்கியிருக்காது. இனிமே நோய் நிக்கும், விரல் நிமிராது." எந்த வீட்டிலும் இதையே இப்படித்தான் சொல்வார் போல.

மூன்றாம் நாள் அவளை நோயாளிகள் ஊருக்குக் கொண்டுபோகப் படகு வந்தது. மாமியார் அவள் படுத்த பாயை எரித்தார், கிண்ணத்தையும் கோப்பைகளையும் ஆற்றில் போட்டார். ஊர்க் கமிட்டி செயலாளர் விவாகரத்துக் காகிதத்தோடு வந்து, தோழரே, ஒரு கையெழுத்து, யாரும் உங்களைத் தப்பாச் சொல்ல மாட்டாங்க என்றார். ஹாங்சோங் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "எனக்குப் படிக்கத் தெரியாது," என்றான். அவன் ஆறாம் வகுப்பு வரை படித்தவன்.

அன்று மத்தியானம் அவளோடு படகில் அனுப்பப் பருத்தி மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன்.

"அண்ணி," என்றான். "அந்த 'ஸ்ஸ்' அவளா கத்துக்கிட்டதா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது என்று எனக்காக அவளே டாக்டரிடம் சொல்லியிருந்தாளே.

"நான்தான் கத்துக் குடுத்தேன்."

"எப்போ?"

"கல்லறைக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கு. ஏழு மாசம் இருக்கும்."

அவன் முடிச்சை இறுக்கினான். மறுபடி அவிழ்த்து இறுக்கினான்.

"ஆறு மாசம் முன்னாடின்னுதான் டாக்டர் சொன்னாங்க," என்றான்.

என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டான். அந்த வாரமே சமையலறையின் நடுவில் செங்கல் வைத்துத் தனி அடுப்புப் போட்டுக்கொண்டான். மாதத்தில் ஒரு நாள் மலையைத் தாண்டி நடந்து போய், நோயாளிகள் ஊரின் வேலிக்கு இந்தப்புறம் நின்று அவளோடு பேசிவிட்டு வருகிறான். வந்தால் மாமியாரிடம்தான் சொல்வான், நான் பக்கத்தில் இருந்தால் என் காதிலும் விழும். மாத்திரை சாப்பிடுகிறாளாம். முழங்கைக்கு மேலிருந்த வெளுப்பு குறைந்திருக்கிறதாம். வலது கையில் நான்கு விரல் மடங்கிவிட்டதாம்.

போன மாதம் வந்தபோது சொன்னான்: "அண்ணியை ஒரு தடவை வரச் சொன்னா. கோபமெல்லாம் இல்லையாம்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னான். புறப்படலாம் என்று இரண்டு முறை துணி மாற்றினேன். இன்னும் போகவில்லை.