ஐந்தாவது கழுவல்

முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பெரிது என்பார்கள். அந்தக் கொம்பு வீட்டுக்குள் ஓரகத்தியாக வந்ததோடு நில்லாமல், வேலை பார்க்கும் ஆய்வகத்திலும் எதிர் மேசையில் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கரியக்காவுக்கு எரிந்தது. மூன்று வருடமாக அணையாமல் எரிந்தது.

கரியக்கா என்பது ஆய்வகத்தில் வைத்த பெயர். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் கரியைக் கடும் அமிலத்தில் ஊறவைத்து, உரித்து, கண்ணுக்கே எட்டாத மெல்லிய கிராஃபீன் ஏடு எடுப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக நகக்கண்ணை விட்டுக் கரி போனதில்லை. கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த சின்னவளோ பாக்டீரியா வளர்ப்பவள். புண்ணில் சீழ் பிடிக்கும் கிருமி தலைகாட்டினால், சின்னவளுடைய பாக்டீரியா அதை மோப்பம் பிடித்து ஒரு ரசாயனத்தைக் கக்கும். அடியில் இருக்கும் கரியக்காவின் ஏடு அதை உணர்ந்து கடுகளவு மின்னணுச் சில்லுக்குச் சொல்லும். சில்லு செல்போனுக்குச் சொல்லும். இத்தனை பேச்சுவார்த்தையும் ஒரு கட்டுத்துணிக்குள் நடந்து முடிந்துவிடும்.

ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாக்டீரியாவைத்தான் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். ஏட்டைப் பற்றிக் கேட்க ஒரு நாதியில்லை. வீட்டிலும் அதே கூத்து. "எங்க சின்னவ கிருமிக்கே பேசக் கத்துக்குடுத்துட்டா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பெரியவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "அவ ஏதோ கரி அரைக்கிறா" என்று முடித்துவிடுவார்.

புதிதாகத் தொடங்கும் கட்டுத்துணிப் பிரிவுக்குத் தலைமை இருவரில் ஒருவருக்கு. வெள்ளிக்கிழமை சோதனையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இயக்குநர் அறிவித்திருந்தார். அது சின்னவளுக்குத்தான் என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது. நேற்று முளைத்த காளானிடம் போய் விடுப்புக்குக் கையெழுத்து கேட்டு நிற்பதா? அதற்கு நாண்டுகொள்ளலாம்.

ஏட்டை ஐந்து முறை கழுவ வேண்டும். அமிலம் துளி தங்கினாலும் பாக்டீரியா பிழைக்காது. ஐந்துக்குக் குறைந்து ஓர் ஏடும் அவள் மேசையைத் தாண்டியதில்லை. வியாழக்கிழமை மத்தியானம் நான்கோடு நிறுத்தினாள். மறதியெல்லாம் இல்லை, நிறுத்தினாள். பதிவேட்டில் 'ஐந்து' என்று எழுதினாள். ஏட்டை யார் சந்தேகப்படப்போகிறார்கள்? வளர்த்த உயிர் செத்தால் வளர்த்தவள் தலையில்தான் பழி விழும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, இயக்குநர் முன்னால் கட்டுத்துணியில் ஒரு சொட்டுச் சீழ்த்திரவம் விட்டார்கள். செல்போன் ஒலிக்கவில்லை. இரண்டாவது சொட்டு. ம்ஹூம். சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது. கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"என் தப்புதான் சார். பாக்டீரியா வளர்க்கற பெட்டியில சூடு ஏறினதைக் கவனிக்காம விட்டுட்டேன். எல்லாம் செத்துப்போச்சு. ஏட்டுல ஒரு குறையும் இல்ல."

"அப்போ பிரிவை உங்க அக்காவே பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் தன் அறைக்குப் போனார்.

கரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வருட உழைப்புக்கு இப்போதுதான் நியாயம் கிடைத்தது என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். ஜெயித்தவளுக்கு அதுதான் அழகு என்று சின்னவளைத் தேற்றவும் போனாள். சின்னவள் குழாயடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள்.

"விடும்மா. யாருக்கும் நடக்கறதுதான்."

சின்னவள் நிமிரவில்லை. "ஏட்டுல அமிலம் இருந்துச்சுக்கா. லிட்மஸ் தாள் வெச்சுப் பார்த்தேன். சிவந்துடுச்சு."

"பின்னே ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களை இன்னிக்கே அனுப்பிடுவாங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தானே போகணும்? ஏன் செஞ்சீங்கன்னும் நான் கேக்கப்போறதில்ல." குடுவையைக் கவிழ்த்து வைத்தாள்.

வெட்கப்பட வேண்டிய நேரம். வெட்கமா வந்தது? பழைய எரிச்சல்தான் இரண்டு மடங்காக வந்தது. படுபாவி, இதிலும் முந்திக்கொண்டாளே. வேலையில் முந்தினாள், மாமியார் வாயில் முந்தினாள், இப்போது நல்ல மனசிலும் முந்திவிட்டாள். இவள் போட்ட பிச்சை நாற்காலியில் காலமெல்லாம் உட்கார வேண்டுமா?

விறுவிறுவென்று இயக்குநர் அறையைப் பார்த்து நடந்தாள். சின்னவள் ஈரக் கையோடு ஓடிவந்து பிடித்தாள்.

"வேணாம்க்கா. உங்க வேலை போயிடும்."

"கையை விடுடி. எல்லா நல்லதையும் நீயே செய்யணுமா?"

கதவைத் தள்ளினாள். இயக்குநர் அவளுடைய நியமன ஆணையை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"நாலு தடவைதான் கழுவினேன் சார்" என்றாள். "வேணும்னேதான்."