கேக்குதாப்பா?

டி.வி. மேசைக்கு அடியில் இடுப்புவரை நுழைந்துகொண்டு, டார்ச்சை வாயில் கவ்வியபடி, அண்ணன் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது அவன் கால்கள் மட்டும்தான். எதிரே கட்டிலில் கிடந்த அப்பா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, அண்ணனையும் தங்கையான அவளையும் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம். யாராவது பக்கத்துலயே உக்காந்திருங்க. கையைப் பிடிச்சுக்கோங்க, அது போதும்." அண்ணன் தலையாட்டினான். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்பாவின் கையைப் பார்த்தான். அதை எங்கே பிடிப்பது என்று தெரியாதவன் போலக் கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு டி.வி.யில் ஒருத்தி வாயை மட்டும் அசைத்துப் பாடிக்கொண்டிருப்பது அவன் கண்ணில் பட்டது.

"என்ன இது, சத்தமே வரல?"

"அது போய் நாலஞ்சு மாசமாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல? பாட்டுன்னா அப்பாவுக்கு உயிராச்சே! ஊமைப் படம் பாத்துக்கிட்டிருக்காரு, நீயும் சும்மா இருந்திருக்கே." கேட்டுக்கொண்டே பையைத் திறந்துவிட்டான். அப்போதுதான் அவன் முகத்தில் களை வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். டி.வி.க்குக் கீழே இருந்த கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டியும், அதில் நிரப்பியிருந்த பாட்டும் படமும், இரண்டு பக்கமும் நின்ற பெரிய ஸ்பீக்கர்களும் அவன் உபயம்தான்.

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குக் காது போய்விட்டது என்ற ஒரே வரி. ஊசி மருந்து நோயைத் தின்றதோ இல்லையோ, காதைத் தின்றுவிட்டது. அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று அப்பாதான் பிடிவாதமாக நின்றார். "வாங்கிக் கொடுத்தது வீணாப் போச்சேன்னு வருத்தப்படுவான். விடு."

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் செய்வான். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்பார். ஒரு மூச்சு விடுவார். "சரி. புள்ளைங்க படிக்குதா?" இன்னொரு மூச்சு. "சரி, சரி. எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன். வெச்சிடட்டா?" அண்ணனுக்கு ஒருமுறைகூடச் சந்தேகம் வந்ததில்லை. வந்திருக்க வேண்டுமென்றால் அவன் புதிதாக எதையாவது சொல்லியிருக்க வேண்டும். போனை வைத்ததும் அப்பா ஏதோ சாதித்துவிட்டவர் போல அவளைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று காலை வந்ததிலிருந்து அப்பா எதற்கும் பதில் சொல்லாததைக்கூட அசதி என்றுதான் அண்ணன் எடுத்துக்கொண்டான். வேலையை விட்டுவிட்டு, துணி மாற்றி, புண் துடைத்து, அப்பாவின் உள்ளங்கையில் விரலால் எழுத்தெழுத்தாக எழுதிப் பேசிக்கொண்டிருந்தவள் அவள். வந்து இறங்கியவன் சத்தம் ஏன் போனது என்று அவளைக் கேள்வி கேட்கிறான். தேடட்டும், நன்றாகத் தேடட்டும் என்று இருந்துவிட்டாள்.

அண்ணன் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தான். "வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஸ்பீக்கர்லயும் லைட் எரியுது. அப்டேட் ஏதாவது போட்டியா?"

"நான் எதுக்குப் போடப்போறேன்?"

"அப்ப அதுவாவே போட்டுக்கிட்டிருக்கும். சவுண்டு டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் பாக்கறேன்."

போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் கை எழுந்தது. அண்ணன் இருந்த பக்கமாக நீண்டது. கொஞ்சம் நின்று, விழுந்தது.

"அண்ணா, அப்பா கூப்பிடுறாரு."

"இதோ வந்துட்டேன்ப்பா, ஒரே நிமிஷம்! ரீஸ்டார்ட் ஆகுது." அதைத் திரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

பெட்டி மறுபடி உயிர்பெற்றது. சத்தம் வரவில்லை. அண்ணன் ஹெட்போனை எடுத்துப் பெட்டியின் முன்பக்கம் செருகி, இரண்டு காதையும் மூடி மாட்டிக்கொண்டான். "இதுல வருது! அப்ப பெட்டி மேல தப்பில்ல" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

அப்பாவின் மூச்சு மாறியிருந்தது. இழுத்தது, நின்றது, மறந்துபோய் மறுபடி இழுத்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அண்ணா, விடு அதை. அப்பாவுக்குக் காது கேக்காது. மாசக்கணக்கா கேக்காது. வந்து கையைப் பிடி."

அண்ணன் திரும்பினான். அவள் வாய் அசைவதைப் பார்த்தான். இரு என்று சைகை காட்டிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஹெட்போனுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து போய் அதைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். போய்த் திரும்புவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் அப்பாவின் கையை விட மனம் வரவில்லை. "அண்ணா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வெளியே போன அப்பாவின் மூச்சு உள்ளே திரும்பவில்லை.

"அடச்சே, இவ்வளவுதானா!" அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தான். "சத்தம் டி.வி.க்கு மாறிப் போயிருக்கு. டி.வி. ஸ்பீக்கரை நான்தான் இதெல்லாம் மாட்டின அன்னிக்கே ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்." மவுஸை ஒரு தட்டுத் தட்டினான். ஒரு பெண்குரல் கூடமெங்கும் நிறைந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இப்ப கேக்குதாப்பா?"

அப்பாவின் கண்கள் அவன் பக்கமே திறந்திருந்தன. உதடு லேசாகப் பிரிந்திருந்தது.

"பாரு, சிரிக்கிறாரு" என்றான் அண்ணன். சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

அழுதான். உண்மையாகவே அழுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியபோது போனை எடுத்து மனைவியிடம் பேசினான். "அப்பா போயிட்டாரு... இல்ல, கஷ்டப்படல. பாட்டு கேட்டுக்கிட்டே போனாரு. நான்தான் சரி பண்ணிக் கொடுத்தேன்." போனை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான். "கேட்டுட்டுத்தானே போனாரு? நீ பக்கத்துல இருந்தியே."

அந்த ஒரு வரி இன்னும் அவள் நாக்கில்தான் இருந்தது. சொன்னால் ஆயுசுக்கும் தாங்கமாட்டான். அவன் தாங்காமல் தவிப்பதைப் பார்க்க அவளுக்கு ஆசையாகவும் இருந்தது.

"கேட்டாருண்ணா" என்றாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நீளமாக ஒரு மூச்சு விட்டான். பாட்டின் சத்தத்தைக் குறைத்தான்.

"இங்க வா, பாத்து வெச்சுக்கோ. மறுபடி சத்தம் போச்சுன்னா பயப்படாதே. இந்த மூலையில ஸ்பீக்கர் படம் இருக்கு பாரு, அதை அழுத்து. டி.வி.ன்னு இருந்தா மாத்தி ஸ்பீக்கர்னு வெச்சிடு. அவ்வளவுதான். எங்க, நீ ஒரு தடவை பண்ணு பாப்போம்."

அவள் எழுந்து போய் மவுஸைப் பிடித்தாள். அவன் காட்டிய இடத்தில் அழுத்தினாள். கட்டிலில் அப்பாவின் கண்களை இன்னும் யாரும் மூடவில்லை.