பிலோமினா டீச்சரின் எட்டு

பிலோமினா டீச்சரிடம் பத்துக்கு எட்டு வாங்கின பிள்ளை வீட்டுக்கு நடந்து போகாது, ஓடித்தான் போகும். டில்லிக்கு வந்து முப்பது வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறாள். இத்தனை வருஷத்தில் ஒன்பது போட்டது ரெண்டே ரெண்டு தடவை. பத்து போட்டதே கிடையாது. "பத்து மாதாவுக்கு மட்டும்தான், மனுஷப் பிறவிக்கு எட்டு" என்பாள். தூத்துக்குடிக்காரி, சொன்னால் சொன்னதுதான். அதே பள்ளிக்கூடத்தில் படித்த சொந்த மகள் பெனிட்டாவுக்கும் எட்டுக்கு மேல் கால் மார்க் கூட ஏறியதில்லை.

அப்பேர்ப்பட்டவள்தான் போன வாரம், பேங்க்கிலிருந்து கருத்துக் கேட்டு வந்த போனில், மூணாம் நம்பர் கவுன்ட்டர் இந்துஜாவுக்கு எட்டு போட்டாள். மெஷின் இந்தியில் என்னமோ சொல்லிக்கொண்டிருக்க, பாதியிலேயே எட்டை அழுத்திவிட்டுப் போனை வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு மாலை போட்டு மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி மனசு நிறைந்துபோயிற்று. வீட்டுக்காரரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

இன்றைக்கு செப்டம்பர் முப்பது. ஸ்கூலுக்கு லீவு. வீட்டில் சுட்ட அச்சு முறுக்கை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, இந்துஜாவிடம் கொடுக்கலாமென்று காலை பத்தரைக்கு பேங்க்கின் துவாரகா கிளைக்குள் நுழைந்தாள். உள்ளே கால் வைத்ததும் ரெண்டாம் கவுன்ட்டர் ஜெயந்த் எழுந்து வந்து அவளை ஓரமாகக் கூட்டிப்போனான். ஜெயந்த் அவளிடம் படித்தவன். ஆறரைக்கு மேல் வாங்கத் தெரியாதவன்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க டீச்சர்?"

"நான் என்னலே பண்ணுனேன்?"

"இந்துஜாவுக்கு எட்டு போட்டிருக்கீங்க."

"ஆமா, போட்டேன். ஒனக்கு என்னிக்காவது போட்டிருக்கேனா?"

ஜெயந்துக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க எட்டு என்னன்னு எனக்குத் தெரியும். பேங்குக்குத் தெரியாதே. இங்க ஒன்பதும் பத்தும்தான் கணக்கு. எட்டுன்னா நீங்க போனையே எடுக்கலைன்னு அர்த்தம். அவ கான்ட்ராக்ட்ல இருக்கா டீச்சர். மூணு மாசத்துல பன்னெண்டு பேராவது ஒன்பதோ பத்தோ போட்டிருக்கணும். பதினோரு பேர் போட்டாச்சு. உங்க பேரை லிஸ்ட்ல பார்த்ததும் பன்னெண்டாவது ஆள் கிடைச்சாச்சுன்னு நிம்மதியா இருந்தா. இன்னிக்கு நாலு மணிக்கு அந்த மார்க் கணக்கை க்ளோஸ் பண்ணிடுவாங்க. நாளையிலேருந்து அந்தச் சீட்ல வேற ஆள்."

டீச்சர் முறுக்கு டப்பாவைப் பைக்குள் திணித்தாள்.

இந்த பேங்க்கில் பிடிக்காதவை என்று கேட்டால் பிலோமினா ஒரு நோட்டுப் புத்தகம் எழுதுவாள். நூல் கட்டி வைத்த பேனா இருக்கிறது, எழுதாது. எப்போது போனாலும் 'சர்வர் டவுன்'. பத்து ரூபாய் வேலைக்குப் போனாலும் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி உயிரை வாங்குவார்கள். ஏசிக் காற்று ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் வரும், அதில் எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிடித்தது என்றால் ஒரே ஒரு ஆள், இந்துஜா.

மே மாதம் டீச்சரின் கணக்கு முடங்கிப்போனது. விரல் ரேகை வைத்தால்தான் திறக்கும் என்றார்கள். முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, மெஷினில் ரேகை விழவேயில்லை. "அடுத்த வாரம் வாங்க" என்று நாலு தடவை விரட்டினார்கள், அடுத்த வாரம் என்னமோ புது விரல் முளைக்கப் போகிற மாதிரி. ஐந்தாவது தடவைதான் இந்துஜா கண்ணில் பட்டாள். கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஈரத் துணியால் துடைத்து, கொஞ்சம் க்ரீம் தடவி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். ஒன்பதாவது விரல் விழுந்தது. அந்தப் பெண் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். பேங்க்கில் ஒருத்தி தன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள் என்று பிலோமினா கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கண் கலங்கிக்கொண்டே வந்தாள்.

அந்தப் பெண்ணின் சோற்றில்தான் இப்போது தன் கையாலேயே மண்ணைப் போட்டிருக்கிறாள். சேலத்திலிருந்து வந்து, முனிர்காவில் மூணு பேரோடு ஒரு ரூமில் இருக்கிற பெண். வேலை போனால் ரூமும் போகும்.

மூணாம் கவுன்ட்டரில் இந்துஜா எப்போதும் போலத்தான் சிரித்தாள். "வாங்க ஆன்ட்டி. லீவா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

இந்துஜாவுக்குப் புரிந்துவிட்டது. ஜெயந்தை ஒரு முறை முறைத்தாள். "எப்படி ஆன்ட்டி கேக்கறது? எல்லாரும் 'பத்து போடுங்க ஜி'ன்னு கேட்டுத்தான் வாங்கறாங்க. எனக்கு வாய் வரலை. விடுங்க, உங்க மேல தப்பில்லை."

தப்பில்லை என்று அவள் சொன்னதுதான் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் கூடத் தேவலை. முறுக்கு டப்பாவைக் கொடுக்க மறந்துபோய் அப்படியே வெளியே வந்து, குர்காவ் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளைப் போனில் பிடித்தாள்.

"எல்லா கம்பெனியிலும் இப்படித்தான் மம்மி" என்றாள் பெனிட்டா. "எட்டு வேஸ்ட்."

"எட்டு வேஸ்டா? எட்டு எப்படிட்டி வேஸ்டாகும்?"

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?"

குரலில் என்னமோ இருந்தது. டீச்சருக்கு அதை நின்று கவனிக்க நேரமில்லை. "இப்ப என்ன செய்ய? அதைச் சொல்லு."

"போட்டதை மாத்த முடியாது. அவ கவுன்ட்டர்லயே வேற ஏதாவது வேலை பண்ணுங்க. அரை மணி நேரத்துல திரும்ப கால் வரலாம். எல்லாருக்கும் வராது. லக் இருந்தா வரும்."

டீச்சர் திரும்ப உள்ளே போய் டோக்கன் எடுத்தாள். நாற்பத்தேழு. உட்கார முடியவில்லை. பலகையில் சிவப்பு எண் மாறும்போதெல்லாம் எழுந்தாள், உட்கார்ந்தாள். நாற்பத்தேழு வந்தது, ரெண்டாம் கவுன்ட்டருக்கு. ஜெயந்துக்குப் பத்து போட்டு என்ன புண்ணியம்? பின்னால் நின்ற சர்தார்ஜியின் கையில் டோக்கனைத் திணித்து, "ஆப் ஜாயியே பாய் சாப்" என்று அனுப்பிவிட்டுப் புது டோக்கன் எடுத்தாள். அது ஒண்ணாம் கவுன்ட்டருக்குப் போயிற்று. அதையும் தானம் செய்தாள். பதினொன்றேமுக்காலுக்குத்தான் மூணு வாய்த்தது. ஐந்நூறு ரூபாய் எடுத்தாள்.

பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்று, பிளாட் விற்கிறவன். இன்னொன்று, மத்தியானம் என்ன சாப்பிட என்று கேட்ட வீட்டுக்காரர். "முறுக்கு இருக்கு, அதைத் தின்னுங்க" என்றுவிட்டு வைத்தாள். வைத்த பிறகுதான் முறுக்கு தன் பையில் இருப்பது ஞாபகம் வந்தது. பேங்க் மட்டும் கூப்பிடவில்லை.

ஒன்றேகாலுக்கு அதே ஐந்நூறு ரூபாயை அதே கவுன்ட்டரில் திரும்பக் கட்டினாள். வாசல் செக்யூரிட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவன் கண்ணுக்கு யாராகத் தெரிந்தாளோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். ரெண்டு மணி ஆனது. கால் வரவில்லை. ஜெபமாலையை எடுத்து ரெண்டு முத்து உருட்டினாள், மனசு நிற்கவில்லை, உள்ளே போட்டாள். தண்ணீர் குடிக்கப் போனவள் போன் அடித்தால் கேட்காதோ என்று பாதியில் திரும்பினாள். கடிகாரத்தின் பெரிய முள் மட்டும் யாரையும் கேட்காமல் ஓடியது.

ரெண்டே முக்காலுக்கு மூணாவது தடவையாகப் போய் நின்றபோது இந்துஜா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, வேண்டாம். சாப்பிட்டீங்களா முதல்ல? வீட்டுக்குப் போங்க."

"நீ சும்மா இரு. செக் புக் குடு."

"போன மாசம்தான வாங்கினீங்க?"

"தீந்து போச்சு."

இந்துஜா விண்ணப்பத்தை நீட்டினாள். நூல் கட்டின பேனா எழுதவில்லை. தன் பேனாவைக் கொடுத்தாள். அதன் மூடி முழுக்கக் கடிபட்டு நசுங்கிக் கிடந்ததை டீச்சர் பார்த்தாள். இவ்வளவு நேரம் சிரித்ததெல்லாம் வேஷம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூணு இருபதுக்குப் போன் அடித்தது. டீச்சர் வாசல் படிக்கட்டில் நின்றிருந்தாள். எதிரே ரெண்டு ஆட்டோக்காரர்கள் ஹாரனாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே மெஷின் குரல், அதே இந்தி. இன்று எங்கள் கிளைக்கு வந்ததற்கு நன்றி, உங்களுக்குச் சேவை செய்த ஊழியருக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள்—

அவ்வளவுதான். டீச்சருக்கு அதற்கு மேல் காது இல்லை. கட்டை விரலால் ஒன்றை அழுத்தினாள். பூஜ்யத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே குரல் வந்தது.

"நீங்கள் அளித்த மதிப்பெண் ஒன்று. தன்யவாத்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. பிலோமினா அதற்குப் பிறகும் பூஜ்யத்தை நாலைந்து தடவை அழுத்தினாள்.

உள்ளே போய் ஜெயந்திடம் சொன்னபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். "பத்து போட பூஜ்யத்தை அழுத்தணும் டீச்சர். வெறும் பூஜ்யம். கடைசியில சொல்லுவாங்களே, முழுசா கேக்கலையா?"

கேள்வியை முழுவதும் படித்துவிட்டு விடை எழுது. முப்பது வருஷமாக எத்தனை ஆயிரம் பேப்பரில் சிவப்பு மையில் எழுதியிருப்பாள். இதே ஜெயந்தின் பேப்பரிலேயே பத்துத் தடவை எழுதியிருப்பாள். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நல்ல பையன்.

ஏசிக்குக் கீழே இருந்த நாற்காலி அதிசயமாகக் காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. எட்டு போட்டுக் கெடுத்தது போதாதென்று, வலியப் போய் ஒன்று போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மூணாம் கவுன்ட்டர் பக்கம் தலையைத் திருப்பவே பயமாக இருந்தது.

மூணு முப்பத்தெட்டுக்கு மறுபடியும் போன்.

"பிலோமினா மேடம்? நான் ஸ்ம்ருதி, பேங்க்கின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்" என்றது ஒரு பெண் குரல், இந்தியில். "சற்று முன் எங்களுக்கு ஒன்று மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். எங்கே தவறு நடந்தது என்று தெரிந்துகொள்ளலாமா?"

"நீ மெஷினா, மனுஷியா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "மனுஷிதான் மேடம்."

டீச்சர் எழுந்து நின்றாள். அப்புறம் அவளை யார் நிறுத்துவது? வாயில் வந்த இந்தியையெல்லாம் கொட்டினாள், இந்தி தீர்ந்த இடத்தில் இங்கிலீஷ், அதுவும் தீர்ந்த இடத்தில் தமிழ். சாக்பீஸ், ரேகை, ஒன்பதாவது விரல், எட்டு, ஐந்நூறு ரூபாய், பூஜ்யம், ஒன்றையும் விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மூணாம் கவுன்ட்டரில் இந்துஜா நோட்டு எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

"போன வாரம் எட்டு போட்டேனே, அப்ப ஏன் நீ கூப்பிடலை?"

"மூணும் அதற்குக் கீழேயும் வந்தால்தான் மேடம் நாங்கள் கூப்பிடுவோம். எட்டு எங்களிடம் வரவே வராது."

"அப்ப ஒண்ணு போட்டாத்தான் மனுஷர் வருவீங்க."

ஸ்ம்ருதி பக்கம் ஏதோ காகிதம் புரண்டது. "பழைய எட்டை என்னால் தொட முடியாது. இன்றைக்குப் போட்டது தவறுதலாக அழுத்தியது என்றால் திருத்த எனக்கு அனுமதி இருக்கிறது. எத்தனை போடட்டும்?"

காலையிலிருந்து அதற்குத்தான் நாயாய் அலைந்திருக்கிறாள். ஆனாலும் அந்த எண் நாக்கில் ஏற மறுத்தது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா போகுமா?

"தஸ்" என்றாள். "பூரா தஸ்." பத்துக்குப் பத்து.

"நன்றி மேடம். நாங்கள் எதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்?"

நூல் கட்டின பேனா எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. நோட்டுப் புத்தகமே நிறையும் குறை இருந்தது. டீச்சர் அதில் ஒன்றையும் எடுக்கவில்லை.

"எட்டு போடுதவங்களையும் ஒரு தடவை கூப்பிட்டு, என்னத்துக்குப் போட்டீங்கன்னு கேளுங்க."

மூணு ஐம்பத்தொன்றுக்கு ஜெயந்த் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கிக் கட்டை விரலைக் காட்டினான். பன்னெண்டு. இந்துஜாவுக்கு முன்னால் ஒரு கஸ்டமர் நின்றதால் அவளால் எழுந்து வர முடியவில்லை. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணின நோட்டையே முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். டீச்சர் கிட்டே போய் முறுக்கு டப்பாவைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். "டப்பாவைத் திருப்பிக் குடுத்துடணும்" என்றாள். அதற்கு மேல் பேசினால் அங்கேயே அழுதுவிடுவாள்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி பெனிட்டா, வேலை நிலைச்சிட்டுட்டி. பத்து போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"பத்தா? நீங்களா?"

"ஆமா. வேற வழி? அந்தப் பிள்ளைக்குக் குடுக்கலாம், தப்பே இல்லை."

பெனிட்டா சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"குடுத்து வச்சவ."

"என்னது?"

"ஒண்ணுமில்லை மம்மி. மீட்டிங் இருக்கு, வைக்கிறேன்."

பிலோமினா படிக்கட்டிலேயே நின்றாள். ஆட்டோக்காரன் ஒருவன் "மெட்ரோவா மேடம்?" என்று கேட்டான், அவள் காதில் விழவில்லை. பெனிட்டாவின் நம்பரை அழுத்தினாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழுத்தினாள்.