கரியாலூருக்கு இன்னும் தாலி கட்டவில்லை

1

இந்தக் கதை எனக்கு உளுந்தூர்பேட்டையில், ஒரு சாப்பாட்டுக் கடையில், வந்துவிட்ட பரோட்டாவுக்கும் வராத சால்னாவுக்கும் நடுவில் கிடைத்தது. பக்கத்து மேசைக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "இன்னாது, உங்களுக்கு இன்னும் தாலி கட்டலியா? எங்களுக்குக் கட்டியே முடிஞ்சிபோச்சு!"

ஒரே தாலி எப்படி ஓரிடத்தில் கட்டப்பட்டு, இன்னோரிடத்தில் கட்டப்படாமல் இருக்கும்? கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் கைகழுவப் போய்விட்டார். அவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மீதி எல்லாம் நான் சேர்த்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: "கல்வராயன் மலைமேல் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த அந்த..."

(விட்டுவிட்டேன். மேகம் தவழாத மலைக்கதை ஒன்றையும் யாராவது எழுதியாக வேண்டும்.)

இரண்டாவது: "மணமேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், வாழைத்தார்களுக்கு நடுவே, நர்மதா லேப்டாப்பைத் திறந்தாள்." இது இருக்கட்டும்.

2

நர்மதாவின் அண்ணன் வெற்றிசெல்வன் கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுப்பவன். அவன் எடுப்பதை நேரலையாக ஊருக்கு அனுப்புவது நர்மதா. முன்பெல்லாம் எல்லோரையும் போல ஒரு பெரிய இணையதளத்தின் வழியாகத்தான் அனுப்பினாள். வடக்கனந்தல் கல்யாணம் ஒன்றில், சரியாகத் தாலி கட்டும்போது பேண்டு வாத்தியக்காரர்கள் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டார்கள். அந்தத் தளம் பாட்டைத் திருட்டுச் சொத்தாகக் கருதி ஒலியை அடைத்துவிட்டது. மாப்பிள்ளையின் அண்ணன் துபாயிலிருந்து ஊமைக் கல்யாணம் பார்த்தார்.

அன்றே நர்மதா சொந்தமாக ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்தாள். அவள் வேலையில் பட்டன்கள் கிடையாது. கறுப்புத் திரையில் நான்கு வரிக்கு நீளும் ஒரே கட்டளையைத் தட்டுவாள். எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் கேமராவின் படத்தை வாங்கி பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று கனத்தில் பிழிந்து, ஆறு ஆறு விநாடித் துண்டுகளாக நறுக்கி சர்வரில் அடுக்கும். பார்ப்பவரின் போன் தன் சிக்னலுக்குத் தாங்கியதை எடுத்துக்கொள்ளும். சிக்னல் குறைந்தால் அடுத்த துண்டை ஒரு படி கீழே எடுக்கும், ஏறினால் மேலே. மூன்றையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் படி மாறும்போது படம் தடுக்கி விழும்.

(இதே முறையில் இந்தக் கதையையும் பிழிந்து பார்த்தேன். நடுத்தரம்: மலையில் மாட்டிக்கொண்ட ஓர் அப்பா, மகள் கல்யாணத்தைப் போனில் பார்க்க முயல்கிறார். சிறியது: அப்பா, போன், மஞ்சள் அரிசி. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது பெரியது. உங்கள் சிக்னலுக்கு என் வாழ்த்துகள்.)

3

அந்த அப்பா மாதன். கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரர், சாமை விதைப்பவர். மகள் சந்திரலேகாவின் கல்யாணம் கள்ளக்குறிச்சி மண்டபத்தில் நடக்கும்போது அவர் ஏன் மலையிலேயே இருக்கிறார்? முதல் வரைவில் மாப்பிள்ளையைப் பிடிக்காமல் கோபித்துக்கொண்டு இருந்தார். (நீக்கம். கோபக்கார அப்பாக்கள் போதும்.) அடுத்த வரைவில் மலைப்பாதையில் மண் சரிந்தது. (நீக்கம். மணப்பெண்ணே இறங்க முடியாமல் போனது.) கடைசியில் அவரைக் கடுக்காய் மரத்திலிருந்து தள்ளிவிட்டேன். இடது காலில் மாவுக்கட்டு. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இன்னாத்துக்கு சார் அவரு கால உடைச்சீங்க?" என்று நர்மதா கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவளைக் கேட்க விடவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் சந்திரலேகா நர்மதாவிடம் வந்தாள்.

"எத்தினி பேரு பாக்குறாங்கன்றது வாணாங்க்கா. எங்கப்பா பாத்தா போதும்."

"அங்க சிக்னல் எப்டி?"

"மழ பேஞ்சா கம்மி."

"பேயலன்னா?"

"அப்பவும் கம்மிதான்."

நர்மதா கட்டளையில் நான்காவதாக ஒரு படி சேர்த்தாள்: படமே இல்லாமல், ஒலி மட்டும்.

"கல்யாணத்த ரேடியோவுல போடப் போறியா?" என்றான் வெற்றிசெல்வன்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேலண்ணா. நாளைக்கு அந்தக் காலர் மைக்க மேளக்காரருக்கு வெக்காம பொண்ணு மாலையில குத்து. மேளம் எப்டியும் கேக்கும்."

4

காலை. கரியாலூரில் மாதன் வீட்டு வாசல். சாமை மூட்டைமேல் போன். சுற்றிலும் கால்வாசி ஊர், எல்லோர் கையிலும் மஞ்சள் அரிசி. மாதன் கட்டுப் போட்ட காலை நீட்டி நாற்காலியில். அவர் தம்பி மகன் ஐயப்பன் காதில் இன்னொரு போன். அந்த முனையில், மண்டபத்திலிருந்து, மாதனின் மச்சான் சின்னராசு.

மேலே சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன். சில துண்டுகள் சேர்ந்த பிறகுதான் படம் ஓடத் தொடங்கும். அதனால் நேரலை என்பது நேராக வருவதில்லை, கிட்டத்தட்ட அரை நிமிடம் பின்னால் வருகிறது. சின்னராசுவின் குரலுக்கு அந்தத் தாமதம் இல்லை.

"கட்டியாச்சு! மாமாகிட்ட சொல்லு, கட்டியாச்சு!"

வாசல் முழுக்க அரிசி பறந்தது. குலவை எழுந்தது. பக்கத்து வீட்டு மூக்காயிதான் போனைப் பார்த்தாள்.

"அய்ய, இன்னாடா இது? மாப்ள இன்னும் வேட்டிய இழுத்து வுட்டுக்கினு இருக்காரு!"

சிரிப்பு. எல்லோரும் குனிந்து அரிசி பொறுக்கப் போனார்கள். கோழிகள் முந்திக்கொண்டன.

மாதன் கை மட்டும் மூடியே இருந்தது.

"நீ ஏன் பெரீப்பா போடல?"

"எனக்கு இன்னும் கட்டலடா."

கீழே கள்ளக்குறிச்சியில், மண்டபத்துச் சாமான் அறையில் நர்மதா கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயப்பனுக்குத் தனிச் சுட்டி கொடுத்திருந்ததால், மூட்டைமேலிருந்த அவன் போன் ஒவ்வொரு துண்டையும் எந்தப் படியில் கேட்கிறது என்று வரி வரியாகத் தெரிந்தது. நடுத்தரம். சிறியது. சிறியது. ஒலி மட்டும்.

மலையில் திரை கறுத்தது. ஐயப்பன் போனைத் தட்டினான். "பூட்ச்சு பெரீப்பா!"

"இரு. பேசுறா."

மேளத்துக்கு அடியில், மாலையில் குத்திய மைக்கிலிருந்து, மெதுவாக: "ரொம்ப பசிக்குதுங்க. எப்ப வுடுவாங்க?"

"அஞ்சு நிமிசம் பொறுத்துக்க. எனுக்குந்தான்," என்றது ஒரு புது ஆண்குரல்.

வாசலே சிரித்தது. மாதன் அதிகம் சிரித்தார். "பாத்தியா? பசி வந்தா நிக்க மாட்டா. ஆனா மாப்ள பரவால்ல," என்றார்.

5

அடுத்த துண்டில் கெட்டிமேளம் இருக்கிறது.

முடிவு அ: மலையில் ஒரு காற்று அடிக்கிறது, சிக்னல் ஏறுகிறது, படம்... (காற்றை என் சௌகரியத்துக்கு ஏவுவது நியாயமில்லை.)

முடிவு ஆ: திரை கறுப்பாகவே இருக்கிறது. மாதன் கண்ணை மூடிக் கேட்கிறார். (அழகுதான். ஆனால் அவருக்குப் படம் வேண்டும் என்பதை மறந்துவிட்டு நான் அழகு பார்க்கிறேன்.)

முடிவு இ: இது எழுத...

நர்மதாவின் திரையில் புது வரி விழுகிறது. ஐயப்பனின் போன் அந்தக் கெட்டிமேளத் துண்டைக் கேட்டுவிட்டது. எந்தப் படியில் கேட்டது என்பதை அவள் படித்துவிட்டாள். படித்ததும் "அண்ணா!" என்று கத்தினாள். அவளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். ஆனால் நான் சின்னராசு இல்லை. போனில் கத்த மாட்டேன். வாசிப்பவர் எப்போதும் எழுதுபவருக்கு அரை நிமிடம் பின்னால்தான் இருக்கிறார். உங்களுக்கு எப்போது, எந்தப் படியில் வந்துசேருமோ அப்போது வரட்டும்.

மாதன் கை மூடியிருக்கிறது. உங்கள் கையிலும் கொஞ்சம் மஞ்சள் அரிசி கொடுத்திருக்கிறேன். அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். கோழிகள் இன்னும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.