மழைக்குப் பிறகு காலி செய்த குளம்

வெள்ளிக்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று திங்கட்கிழமை அப்பா சொன்னார். இனி மருந்து வலிக்கு மட்டும்தான். அம்மா கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுக் குளத்தில் ஒரு தடவை மிதக்க வேண்டும்.

அம்மா மார்லா பதினெட்டு வருடம் ஊரில் மற்றவர்கள் வீட்டு நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்தவள். எங்கள் குளம் பெரிதல்ல. குழி வெட்டி மண்ணுக்குள் இறக்கிய ஒற்றை ஃபைபர் தொட்டி. அவள் நோயில் படுத்த பிறகு அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். போன மாதப் புயலில் பம்பு நின்றுபோனது. தண்ணீர் பச்சையாகி, தவளைகள் குடியேறின. எவ்வளவு குளோரின் போட்டும் தெளியவில்லை.

புளோரிடாவில் புயலுக்குப் பிறகு குளத்து ஆள் கிடைப்பது கஷ்டம். கேட்டவர்கள் எல்லோரும் மூன்று வாரம் என்றார்கள். அப்பா டுவைட்டைக் கூப்பிட்டார். சர்ச்சில் பழக்கமானவர், வீட்டில் எது உடைந்தாலும் சரிசெய்பவர். செவ்வாய்க்கிழமையே வந்து பம்பை ஒரு மணி நேரத்தில் ஓடவைத்தார். இந்தப் பச்சை தெளிய ஒரு வாரமாவது ஆகும், இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் வியாழனுக்குள் முடிந்துவிடும் என்றார். அப்பா சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அது கூடாது என்று எனக்குத் தெரியும். தொட்டியை மண்ணுக்குள் அமுக்கிப் பிடித்திருப்பதே உள்ளே இருக்கும் தண்ணீர்தான் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். வெளியே மண் ஊறிக் கிடக்கும்போது காலி செய்தால், தொட்டி படகு மாதிரி மேலே வந்துவிடும். வேலியோரம் கையால் தோண்டிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்திலேயே தண்ணீர் ஊறியது.

டுவைட்டின் பக்கத்தில் போய் நின்றேன். வார்த்தை வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பேச்சு நின்றுவிடும். அதனால்தான் போன வருடம் படிப்பை நிறுத்திவிட்டேன். உள்ளே போய் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, நாலாக மடித்துக்கொண்டு வந்தேன்.

"என்ன கண்ணு, என்னை மேற்பார்வை பாக்க வந்தியா? உங்கம்மா ஆள் அனுப்பிட்டாளா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். தாள் பையிலேயே இருந்தது.

தண்ணீர் முக்கால்வாசி இறைத்தாகிவிட்டிருந்தது. மூன்று மணிக்கு மரம் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. குளத்தைச் சுற்றியிருந்த சிமென்ட் தளம் பிளந்தது. தொட்டியின் ஆழமான பக்கம் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. டுவைட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் கூரை வேலைக்காரன்தாம்மா," என்றார்.

வெள்ளிக்கிழமை அப்பா அம்மாவைச் சக்கர நாற்காலியில் பின்வாசலுக்குத் தள்ளிவந்தார். வரும் வழியிலேயே அவர் சொல்லியிருக்க வேண்டும், அவரால் முடியவில்லை. அம்மா எழும்பி நின்ற தொட்டியைப் பார்த்தாள்.

"மழைக்கப்புறம் காலி பண்ணிருக்காங்க."

அப்பா டுவைட்டைத் திட்டத் தொடங்கினார். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமேடி."

தாளை எடுத்துக் கொடுத்தேன். மெதுவாகப் பிரித்துப் படித்தாள்.

"மண்ணக்கூட தோண்டிப் பாத்திருக்க," என்றாள். "எங்கூட வேல செஞ்ச ஆளுங்க ஒருத்தனும் பாக்க மாட்டான்." தாளை மறுபடி நாலாக மடித்தாள். "ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேடி."

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து, அவள் கால்களை அதில் எடுத்து வைத்தேன்.

"குளோரின் சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா," என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அவள் கண்களை மூடி, நாற்காலியின் இரண்டு பக்கமும் கைகளை விரித்துக்கொண்டாள். மிதக்கும்போது அப்படித்தான் விரிப்பாள்.