சில்வண்டு கத்தாத மருந்து

செலவுக் கண்காணிப்பு ஆபீசர் அய்யாத்துரை ஜட்கா வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் விசாரித்தது காய்ச்சல்காரர்களை அல்ல, ரிஜிஸ்டரை.

“மருந்து எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு வெளியே போச்சு? அதை எடும் முதல்ல,” என்றபடி டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தார்.

கம்பவுண்டர் உசேன் ரிஜிஸ்டரை விரித்து வைத்தான். உத்தமபாளையத்துக்காரன். வருசநாட்டு மலையடியில் இந்தப் புளியந்தொழு ஜில்லா போர்டு ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. டாக்டர் பட்டாளத்துக்குப் போய் எட்டு மாதம். வேறு டாக்டர் போட்டால் செலவு என்று போர்டு அந்த நாற்காலியைக் காலியாகவே விட்டுவிட்டது. செலவைக் குறைக்க வந்தவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகை மாதம். மழை விட்டு, ஓடைத் தண்ணீர் குட்டை குட்டையாய்த் தேங்கி, வீட்டுக்கு வீடு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல். வெளியே வேப்பமரத்தடியில் நாற்பது பேர் ஆளுக்கொரு பாட்டிலோடு குந்தியிருந்தார்கள். மருந்துதான் இலவசம், பாட்டில் அவரவர் வீட்டிலிருந்து வரவேண்டும்.

“ஆடிக்கு முன்னால மாசம் நாற்பது பாட்டில்,” என்றார் அய்யாத்துரை. “போன மாசம் நூத்தியிருபது! போர்டு மருந்து விலையைப் பாதியாக் குறைச்சிருக்கு. நீர் மூணு மடங்கு ஊத்தித் தள்ளுறீர். எங்கேய்யா போகுது?”

“காய்ச்சல் நிக்க மாட்டேங்குதுங்கய்யா. ஒரே ஆளு மூணு தடவை வாராக.”

“என்னது? சத்தமாச் சொல்லும். மூணு நாளாக் காது ஒரே இரைச்சல்.”

உசேன் சத்தமாகச் சொன்னான். ஆபீசர் சிரித்தார்.

“நல்லா இருக்கு கதை! கம்பம் சந்தையில கள்ளத்தனமா ஒரு குயினா மாத்திரை என்ன விலைக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? இன்னையிலேருந்து ஆளுக்கு ஒரு பாட்டில். கைநாட்டு வாங்கிட்டுத்தான் ஊத்தணும். ரெண்டாவது தடவை வந்தா, இல்லை. தெரிஞ்சுதா?”

குயினாவுக்கு மரப்பட்டை வருகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு, காய்ச்சலை நிறுத்தும் அந்த மருந்து தங்கத்துக்குச் சமமாகிவிட்டது. முன்பெல்லாம் மதுரையிலிருந்து தகர டப்பாவில் தூளாக வரும். உசேன்தான் திராவகம் விட்டுக் கரைத்து, அளந்து, எதுவரை குடிப்பதென்று தெரிய பாட்டிலில் வேளைக்கொரு பல்லாகக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுப்பான். ஆடியில் வந்தது புது ஏற்பாடு. போர்டு மெம்பர் ஒருத்தருடைய மச்சினன் பொன்னுராஜ் மருந்து காண்ட்ராக்ட் எடுத்தான். கரைத்த மருந்தே பெரிய ஜாடியில் வந்தது. கம்பவுண்டருக்கு ஊற்றுகிற வேலை மட்டும். பாதி விலையில் காரியம் முடிந்ததென்று போர்டு கூட்டத்தில் பொன்னுராஜுக்கு மாலை போட்டார்களாம்.

அய்யாத்துரை ரிஜிஸ்டரில் பேனாவை வைத்தபோது, கும்பலை விலக்கிக்கொண்டு மொக்கம்மாள் உள்ளே வந்தாள். இடுப்பில் அவள் மகள் பஞ்சம்மாள். ஒன்பது வயசுப் பிள்ளை. இடுப்பில் வைக்கிற வயசில்லை. ஆனால் கனமே இல்லாமல் காய்ந்த சோளத்தட்டை மாதிரிக் கிடந்தது. வயிற்றில் மண்ணீரல் கட்டி மட்டும் மேடாகத் தெரிந்தது.

“பாய், நேத்து முறைக்குக் கண்ணு மேல சொருகிருச்சு. வெட்டி வெட்டி இழுத்துச்சு. நாளைக்கு மத்தியானம் அடுத்த முறை. தாங்காது பாய். மருந்து ஊத்துங்க.”

உசேன் பாட்டிலுக்குக் கையை நீட்டினான். ஆபீசர் மேஜையைத் தட்டினார்.

“பேர் என்ன? பஞ்சம்மாள்... ரெண்டு தடவை வாங்கியாச்சு. கிடையாது.”

“பிள்ளை சாகக் கெடக்குங்கய்யா.”

“எல்லாரும் அதைத்தான் சொல்லுவீக. காதுல விழலைன்னு நினைச்சுக் கத்தாதே. ஏற்கெனவே எனக்குக் காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி இருக்கு.”

மொக்கம்மாள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“சில்வண்டா? ஐயா குயினா குடிக்கிறீகளா?”

“ஆமா. இந்தக் காய்ச்சக்காட்டுக்கு வரணும்னா சும்மா வர முடியுமா? மதுரையிலேயே வாங்கிட்டு வந்தேன்.” சட்டைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடிக் குழாயைத் தொட்டுக் காட்டினார்.

“அப்ப எங்களுக்கு ஏன்யா கத்தலை?” என்றாள் மொக்கம்மாள். குரலில் சுருதி ஏறியது. “ஆடியிலேருந்து குடிக்கோம். ஒருத்தருக்கும் வண்டு கத்தலை. பாய்கிட்ட எத்தனை தடவை சொன்னோம்! சொன்னோமா இல்லையா பாய்?”

சொன்னார்கள். உசேனுக்கு நடு மண்டையில் அடித்தது போல் இருந்தது.

இந்த மலையடி ஜனங்களோடு அவன் ஒன்பது வருஷமாகப் போட்ட சண்டையே அதுதான். குயினா உடம்பில் ஏறினால் காது இரையும். அதை இவர்கள் சில்வண்டு வந்துவிட்டது என்பார்கள். வண்டு கத்தினால் மருந்து பிடித்துவிட்டது, இனிக் குடிக்க வேண்டாம் என்று மீதிப் பாட்டிலைக் கூரை எறவாணத்தில் சொருகிவிடுவார்கள், அடுத்த காய்ச்சலுக்கு. “வண்டைப் பார்க்காதீக, பாட்டிலை முடிங்க” என்று அவன் கத்தாத நாளில்லை. அதனால்தான் ஆடிக்குப் பிறகு, “வண்டு கத்தலையே பாய்” என்று வந்து நின்றவர்களையெல்லாம், “மறுபடியும் வண்டுக் கதையா? பேசாமக் குடிங்க!” என்று விரட்டியிருந்தான். கசக்கிறதே, குயினாதானே என்று நம்பியிருந்தான். ஜாடியைத் திறந்து ஒருநாள் நாக்கில் வைத்துப் பார்த்தவன், ஒரு வேளை மருந்தை முழுசாகக் குடித்துப் பார்க்கவில்லை. ஆடிக்குப் பிறகு மண்ணீரல் வீங்கிச் செத்துப்போன நாலு பேரின் முகம் வரிசையாக வந்து போயிற்று.

அவன் அவுன்ஸ் கிளாஸை எடுத்தான். ஜாடியிலிருந்து ஒரு வேளை மருந்து ஊற்றி, ஆபீசர் முன்னால் வைத்தான்.

“குடிங்கய்யா.”

“என்ன ஓய்?”

“நிலவேம்புக் கஷாயம்னு நினைக்கேன். ஐயா இன்னைக்கு உங்க மாத்திரையை விட்டுட்டு இதை மூணு வேளை குடிங்க. நாளைக்கும் குடிங்க. நாங்களும் கூடவே உட்கார்ந்திருக்கோம். காது இரையுதான்னு பார்ப்போம்.”

வாசலில் கூட்டம் நெருங்கிவிட்டது. முன்வரிசையில் நின்ற கிழவன் சின்னக்கருப்பு பொக்கை வாயால் சிரித்தான். “குடிங்க சாமி, இலவச மருந்துதான். கைநாட்டு வேணா நான் வைக்கேன்!”

ஆபீசரின் கை கிளாஸ் பக்கம் போகவே இல்லை. சட்டைப்பைக் குழாயை மூடிக்கொண்டது.

“நான் எதுக்குக் குடிக்கணும்? கசக்குதுல்ல? கசந்தா குயினாதான். போர்டு பரிட்சை பண்ணி வாங்கின சரக்கு. பொன்னுராஜ் யாரு தெரியுமா?”

“தெரியும்யா. அதனாலதான் கேக்கேன். யார் பரிட்சை பண்ணினது?”

போர்டில் விலையைப் பார்த்தார்கள், எடையைப் பார்த்தார்கள், ரிஜிஸ்டரில் கூட்டல் சரியா என்று பார்த்தார்கள். ஜாடிக்குள் இருப்பதை எவனும் பார்க்கவில்லை. காய்ச்சல் நிற்காததால் மருந்து கூடச் செலவாகிறது. கூடச் செலவாவதால் மருந்தை நிறுத்து! உசேன் பல்லைக் கடித்தான்.

“ஐயா, அந்தக் குழாயை இந்தப் பிள்ளைக்குக் குடுங்க. வேறொண்ணும் கேக்கலை.”

“இது என் சொந்த மருந்து!”

மொக்கம்மாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார்.

அப்போதுதான் உசேனுக்கு இன்னொன்று உறைத்தது. வாசலுக்குப் பாய்ந்தான்.

“ஏலே, போன வருஷத்துப் பாட்டில் யார் வீட்டுலயாவது இருக்கா? வண்டு கத்தினதும் மிச்சம் வச்சீகளே, அது?”

ஒன்பது வருஷம் திட்டு வாங்கியவர்கள் அல்லவா? ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள்.

“திட்ட மாட்டேன் ஆத்தா. சத்தியமாத் திட்ட மாட்டேன். இருந்தாக் கொண்டாங்க!”

“எங்க எறவாணத்துல அரைப் பாட்டில் கெடக்கு,” என்று முனகினான் சின்னக்கருப்பு. “மருமக பிரசவத்துக்கு ஆகும்னு வச்சேன்.”

“பிரசவத்துக்குக் குயினாவா? அடப் பாவி மனுசா!”

“இந்தா, திட்டுறீக பார்த்தீகளா?”

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே நாலாபக்கமும் ஓடியது. கால்மணி நேரத்தில் மேஜை மேல் ஏழு பாட்டில்கள். கரி படிந்து, ஒட்டடை சுற்றி. துடைத்தால் உசேன் கையால் வெட்டி ஒட்டிய பல்லுக் காகிதம், பாதி வரை இறங்கிய மருந்து. ஒன்றை வெயிலில் பிடித்தான். திரவத்தின் விளிம்பில் அசல் குயினாவுக்கே உரிய நீலம் லேசாகப் பூத்தது. ஜாடி மருந்தை அருகில் பிடித்தான். சாக்கடைத் தண்ணீர் மாதிரி செத்துக் கிடந்தது.

“பார்த்துக்கிடுங்கய்யா. இது குயினா. இது பொன்னுராஜ்.”

அவன் பஞ்சம்மாளின் வாயில் முதல் வேளையை ஊற்றினான். பிள்ளை முகத்தைச் சுளித்து, உதறி, விழுங்கியது.

“ரிஜிஸ்டர்ல இல்லாத மருந்து!” அய்யாத்துரை எழுந்துவிட்டார். “கணக்குல வராத மருந்தை ஆஸ்பத்திரிக்குள்ள வச்சுக் குடுக்குறது குற்றம். உம்மை சஸ்பெண்ட் பண்ணியாச்சு. சாவியைக் கொடும்!”

உசேன் சாவியைக் கொடுத்தான். ஜாடியைக் கொடுக்கவில்லை.

“ஜாடி போர்டு சொத்து ஓய்!”

“ஆமாங்கய்யா. அதான் பத்திரமாக் கட்டுறேன்.” ஜாடி வாயில் துணியைச் சுற்றி, சணல் இறுக்கி, அரக்கு உருக்கி விட்டான். மேலே வெள்ளைக் காகிதம் ஒட்டினான். “கைநாட்டு வாங்கணும்னு ஐயா இப்பத்தான் உத்தரவு போட்டாக. வாங்க, எல்லாரும் வைங்க. இது நாங்க குடிச்ச மருந்துதான்னு.”

ஒவ்வொருவராக மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தொட்டு வந்தார்கள். மொக்கம்மாள் முதலில். சின்னக்கருப்பு இரண்டு கட்டைவிரலையும் வைத்தான். கடைசியில் உசேன் பேனாவை ஆபீசரிடம் நீட்டினான்.

“ஐயா கையெழுத்து. நீங்க பார்த்த ஜாடிதான்னு மட்டும். வேற ஒண்ணும் எழுத வேண்டாம்.”

நாற்பது பேர் வாசலை அடைத்து நின்றார்கள். ஜட்காக்காரன்கூட வண்டியை விட்டுவிட்டு வந்து அவர்களோடு நின்றுகொண்டான்; அவன் வீட்டிலும் காய்ச்சல். அய்யாத்துரை எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் மதுரைக்குப் போகிற பஸ்ஸுக்காக உசேன் ஜாடியோடு கிளம்பியிருக்கலாம். ரசாயனப் பரிட்சைக்குக் கொடுத்து, ரசீது வாங்கி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்காருவதென்று முடிவு செய்திருந்தான். ஆனால் பஸ்ஸை விட்டுவிட்டான். மொக்கம்மாள் வீட்டு வாசலில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேளைக்கு வேளை அவனே ஊற்றினான்.

உச்சிப்பொழுது வந்தது. முறைக்காய்ச்சலுக்குரிய நேரம். பிள்ளையின் நகக்கண் வெளுத்தது. பல் கிட்டித்தது. மொக்கம்மாள் கம்பளியைப் போட்டு அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். குளிர் கொஞ்சம் உலுக்கியது. போன தடவை மாதிரி இழுக்கவில்லை. கண் மேலே போகவில்லை. பொழுது சாய்வதற்குள் வேர்த்துக் காய்ச்சல் விட்டது.

“ஆத்தா,” என்று முனகினாள் பஞ்சம்மாள். “வெளியில என்ன இப்படிக் கத்துது?”

“என்னத்தா கத்துது? ஒண்ணுமில்லையே.”

“சில்வண்டு. காதைத் தொளைக்குது.”

மொக்கம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “பாய், வண்டு வந்துருச்சு! வந்துருச்சு பாய்!” என்று கத்தியவள், பழைய பழக்கத்தில் பாட்டிலை எடுத்து எறவாணத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“கையை ஒடிச்சுப்புடுவேன்!” என்று வாசலிலிருந்து உறுமினான் உசேன். “பூராத்தையும் குடிக்கச் சொல்லு!”

பிறகு ஜாடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.